இன்னொரு படம்

கல்முனையில் செவ்வாய்க்கிழமை தியேட்டர் நாள்.
காலையிலேயே கரண்ட் ஒருமுறை போய் வந்தது.
ஈயச் சட்டையை மாட்டிக்கொண்டு
வளைந்த எக்ஸ்ரே இயந்திரத்தைத் தள்ளிப் போனேன்.
அதன் இடது சில்லு
ஈரத் தரையைக் கண்டால் அடம்பிடிக்கும்.

மேசையில் உதுமாலெவ்வை.
சம்மாந்துறைப் பக்கம் வட்டவிதானை.
யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர்
என்று சொல்லிச் சொல்லியே
பாதிப்பேரின் பகை தேடியவர்.
முதல்நாள் வாட்டில் கையெழுத்து வைக்கையில் கேட்டாராம்:
"நாலு ஓட்டையால எடுக்கிற சரி புள்ள,
உள்ளுக்க எது எதுண்டு எப்பிடிப் புடிபடும்?"

தொலைக்காட்சித் திரையில் மஞ்சள் கொழுப்பு,
வெள்ளிக் கொக்கி,
வீங்கி ஒட்டிப்போன பித்தப்பை.
அதன் கழுத்தடியில் ஒரு குழாய்.
இதுதான் என்றார் சஞ்சீவ.
இதுதான் என்றது எல்லோர் முகமும்.
மேலே ஒரு கிளிப் போட்டு
கீழே மயிரளவு கீறி
ஊசிக்குழாய் நுழைத்தாயிற்று.

"படம் அவசியமா மெடம்?
பன்னிரண்டு நிமிசம் போகும்."
மணிக்கூட்டைப் பார்த்தபடி சஞ்சீவ கேட்டார்,
சிங்களம் தோய்ந்த மெல்லிய தமிழில்.
"எல்லாருக்கும் எடுக்கிறம். இவருக்கும் எடுப்பம்."
டொக்டர் நிரோஜினி திரும்பவும் இல்லை.

உண்மையைச் சொன்னால்
நான் சஞ்சீவவின் பக்கம்.
கீழே எக்ஸ்ரே அறை வாசலில்
கொய்யா மரத்தால் விழுந்த பையன்
கையைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தான்.

"மூச்சை நிப்பாட்டுங்கோ."
மயக்க மருந்து டொக்டர் நிப்பாட்டினார்.
நாங்களும்.
சாயம் ஏறியது. பொத்தானை அழுத்தினேன்.

கறுப்பாய் ஒரு கோடு
அவசரமில்லாமல் கீழே இறங்கியது,
ஒடுங்கியது, தயங்கியது,
பிறகு குடலுக்குள் போய்
இறகுபோலக் கலைந்தது.
அடைப்பில்லை. கல்லில்லை.
யாரோ "அப்பாடா" என்றார்கள்.
சஞ்சீவவின் கை கத்தரிக்குப் போனது.

"பொறுங்க.
மேல் பக்கம் எங்க?"

அடிமரம் இருந்தது.
ஈரலுக்குள் விரிய வேண்டிய
ஒரு கொப்பும் இல்லை.

"சாயம் கீழ வழிஞ்சிருக்கும்" என்றது ஒரு குரல்.
"தலைப்பக்கம் தாழ்த்துங்க. இன்னொரு படம்."
மேசை சரிந்தது. சேலைன், சாயம், பொத்தான்.
வெறும் சாம்பல் வானம்.
ஏசி இரைவது அப்போதுதான் எனக்குக் கேட்டது.

அவர் கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு, பானையில் இருந்து பல்லியை எடுப்பதுபோல
மெல்லக் கழற்றினார்.
"இன்னொரு படம்."

வந்தது.
வலக்கொப்பு, இடக்கொப்பு,
அதிலிருந்து சின்னச் சின்ன விரல்கள்.
நாங்கள் வெட்டவிருந்தது
பையின் காம்பை அல்ல;
ஈரலின் ஒரே வாய்க்காலை.
உண்மைக் காம்பு குட்டையாய்,
அரை அங்குலம்கூட இல்லாமல்,
வீக்கத்தின் பின்னால் பதுங்கிக் கிடந்தது.

கத்தரியைத் தட்டில் வைத்தபோது
சஞ்சீவவின் விரல்
கையுறைக்குள் நடுங்கியது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
அந்த மயிரளவுக் கீறலை
மயிரிலும் மெல்லிய நூலால் அவர் தைத்து முடிக்க
பன்னிரண்டு நிமிடம் இரண்டரை மணித்தியாலம் ஆயிற்று.
பையனின் கையை
அடுத்த டியூட்டிக்காரர் படமெடுத்தார்.

மறுநாள் நிரோஜினி
கட்டிலருகே கதிரை போட்டு இருந்து
ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார்.
உதுமாலெவ்வை கூரையைப் பார்த்தபடி கேட்டார்.
"வாய்க்கால மாத்தி அடைச்சா
மேல தண்ணி முட்டும், கீழ காயும்.
ரெண்டு பக்கத்தாரும் மண்வெட்டியோட வருவானுகள்."
சிரிக்கப் பார்த்தார்; தையல் விடவில்லை.
மறுகா கொஞ்சம் பொறுத்து,
"நானும் ஒருக்கா மாத்தி அடைச்சிரிக்கன் புள்ள.
நான் ஆருக்கும் செல்லல்ல" என்றார்.

கணினியில் பழைய படங்களை அழிக்கும்போது
கொப்பில்லாத அந்த மரத்தை மட்டும்
இன்னும் அழிக்கவில்லை.

இடது சில்லு இப்போதும் அடம்பிடிக்கிறது.
செவ்வாய்க்கிழமைகளில்
சஞ்சீவ வந்து ஒரு பக்கம் பிடிக்கிறார்.